கல்கத்தாவின் தோட்டவீடுகள்

கல்கத்தாவில் வசதியுள்ள குடும்பம் என்றால் அதற்கு இரண்டு வீடுகள் இருக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கமாகிவிட்டது. ஒன்று ஊருக்குள். தொழில், வழக்கு, வட்டிக்கணக்கு, குலதெய்வப் பூசை எல்லாம் அங்கே நடக்கும். மற்றொன்று ஊருக்கு வெளியே, குளமும் மாமரங்களும் சூழ. கோடைக்கும் ஓய்வுக்கும் நோய்க்காலத்துக்கும் அது. ஆங்கிலேயர் அதைக் கார்டன் ஹவுஸ் என்றனர், வங்காளிகள் பாகான்பாரி என்றனர். சென்னையின் அடையாற்றிலும் எழும்பூரிலும் இருந்த தோட்டவீடுகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் சென்னையில் அவை நாளடைவில் பலருக்கு ஒரே வீடாகிவிட்டன. கல்கத்தாவில் அவை கடைசிவரை இரண்டாவது வீடாகவே இருந்தன. அதனாலேயே முதல் வீட்டில் இடமில்லாத பல காரியங்கள் அங்கே நடந்தன.

இடத்தை முதலில் முடிவுசெய்தது நிலத்தின் சரிவு. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருந்தாலும் கல்கத்தா கடலுக்குக் கட்டுப்பட்ட ஊர். ஹூக்ளி ஆற்றில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கும். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு வண்டலைத் தன் கரையிலேயே கொட்டிச் சென்றதால் ஆற்றங்கரை மேடாயிற்று. கிழக்கே போகப்போக நிலம் தாழும். மழைநீர் ஆற்றுக்கு வராமல் கிழக்கிலுள்ள உப்பு ஏரிகளை நோக்கி ஓடும். ஆகவே நனையாத நிலம் என்பது ஆற்றை ஒட்டி வடக்கு தெற்காக நீண்ட ஒரு மெல்லிய துண்டு மட்டுமே. ஊர் அந்தத் துண்டிலேயே நீண்டது, தோட்டவீடுகளும் அதன் இரு முனைகளையே தேடிப்போயின.

கிழக்கை எல்லோரும் தவிர்த்தனர். சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் உறுதியாக நம்பினர். மலேரியாவைக் கொசு எப்படிக் கடத்துகிறது என்பதற்குரிய சான்றை ரொனால்ட் ராஸ் இதே கல்கத்தாவில் பறவைகளிடம் கண்டறிந்தது 1898இல்தான். அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் வீட்டுக்கு இடம் பார்ப்பவர்களுக்கு மூக்குதான் வழிகாட்டி. நாற்றமில்லாத இடம், தென்றல் தடையின்றி வரும் இடம், தோணியை வாசலிலேயே கட்டக்கூடிய இடம் என்று தேடினார்கள். காரணம் தவறாக இருந்தாலும், தேங்கிய நீரைவிட்டு விலகச் சொன்னதால் முடிவு பெரும்பாலும் சரியாகவே அமைந்தது. தென்றலின் மதிப்பு இன்றும் குறையவில்லை. தெற்கே திறந்த வீடு என்றால் கொல்கத்தா வீட்டுத் தரகர்கள் தனி விலை சொல்வார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்னாக் 1690இல் சுதாநுதியில் இறங்கியபின் முதல் ஐம்பது ஆண்டுகளில் தோட்டங்கள் ஊரின் விளிம்பிலேயே இருந்தன. வடக்கே இன்றைய பாக்பஜாரில் பெரின் என்ற கப்பல் தலைவரின் தோட்டம் கம்பெனி ஊழியர்கள் மாலையில் உலாவும் இடமாயிற்று. அதற்குச் சற்றுத் தெற்கிலும் கிழக்கிலும் இந்திய வணிகர்களின் தோட்டங்கள். பெரும் வணிகரான உமிசந்தின் தோட்டம் ஹால்சிபாகானில் இருந்தது. 1742இல் மராட்டியப் படையெடுப்புக்கு அஞ்சி ஊரைச் சுற்றி அகழி வெட்டியபோது, உமிசந்தின் தோட்டமும் கோவிந்தராம் மித்திரரின் தோட்டமும் உள்ளே அடங்கும்படி அகழியின் கோட்டை வளைத்தார்கள் என்பர். பணக்காரரின் இரண்டாவது வீட்டைக் காக்க ஊரெல்லை வளைந்த முதல் நிகழ்ச்சி என்று அதைக் கொள்ளலாம். 1757 பிப்ரவரியில் வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா கல்கத்தாமீது இரண்டாம் முறை வந்தபோது பாசறை அமைத்தது அந்த உமிசந்தின் தோட்டத்தில்தான். விடிகாலை மூடுபனியில் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவ் அதைத் தாக்கினார்.

பிளாசிப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. கோவிந்தபூர் கிராமத்தை அப்புறப்படுத்திவிட்டு 1758இல் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று விட்ட நிலம் மைதானமாயிற்று. தாக்குதல் பயம் நீங்கியதும் கம்பெனி அதிகாரிகள் ஊரைவிட்டு வெளியே வீடு கட்டத் துணிந்தனர். கிளைவே தம்தமில் மேட்டு நிலத்தில் இருந்த ஒரு பழைய கட்டடத்தைத் தம் நாட்டுப்புற இல்லமாக்கிக்கொண்டார். மற்றவர்கள் தெற்கே சென்றனர்.

தெற்கே ஆறு வளையும் இடத்தில் கிழக்குக் கரைதான் கார்டன் ரீச். கடலிலிருந்து வரும் கப்பல், நாட்கணக்காகச் சேற்றுக்கரையையும் காட்டையும் மட்டுமே பார்த்துவந்தபின், திடீரென்று வெள்ளைத் தூண்களும் புல்வெளிகளும் வரிசையாக நிற்கும் இந்த வளைவுக்குள் நுழையும். 1780இல் வந்த எலிசா ஃபே முதல் அடுத்த அரை நூற்றாண்டில் வந்த பயணிகள் பலரும் இந்தக் காட்சியைத்தான் கல்கத்தாவின் முதல் நினைவாக எழுதிவைத்தனர். எதிர்க்கரையில் 1787இல் ராபர்ட் கிட் தொடங்கிய தாவரவியல் பூங்கா. இந்த வீடுகளுக்கு ஆற்றைப் பார்த்த முகமே முன்வாசல், சாலையைப் பார்த்தது பின்புறம்.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1783இல் வந்ததும் இங்கே ஓர் ஆற்றோர பங்களாவை எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் ஓர் இருப்பிடம், கார்டன் ரீச்சில் ஒரு வீடு. பொழுது சாய்ந்ததும் இங்கே வருவார். விடியுமுன் எழுந்து நடந்தே ஊருக்குப் போய்ச் சேருவார். நீதிமன்ற விடுமுறையில் மூன்றாவதாக ஓர் இடம் அவருக்கு இருந்தது. நவத்வீபத்தின் பண்டிதர்கள் வாழ்ந்த வட்டாரத்துக்கு அருகே, கிருஷ்ணநகரில் ஒரு குடிசை வீடு. சமஸ்கிருதம் கற்பதற்கு அதுவே ஏற்ற இடம் என்று அவர் கண்டார். இரண்டாவது வீட்டைக் காற்றுக்காகத் தேர்ந்தவர்கள் ஏராளம். கூட இருக்கப்போகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தவர் என்று ஜோன்ஸைத் தனித்தே சொல்லவேண்டும்.

கார்டன் ரீச் நீதிபதிகளுக்கும் வணிகர்களுக்கும் என்றால், அலிப்பூர் ஆட்சியாளர்களுக்கு. வாரன் ஹேஸ்டிங்ஸ் அங்கே 1770களில் கட்டிய வீடு இன்று பெண்களுக்கான ஆசிரியர் கல்விக் கல்லூரியாக இருக்கிறது. அருகிலுள்ள பெல்வடேர் மாளிகையும் அவர் கையில் இருந்தது. அவரை ஓயாமல் எதிர்த்த பிலிப் ஃபிரான்சிஸுக்கும் அலிப்பூரில்தான் தோட்டவீடு. 1780 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இருவரும் பெல்வடேருக்கு அருகே கைத்துப்பாக்கியால் மோதிக்கொண்டனர். ஃபிரான்சிஸ் காயம்பட்டு விழுந்தார். பெல்வடேரைப் பின்னர் வாங்கிய மேஜர் டோலி, தூர்ந்துபோன ஆதிகங்கையை வெட்டிப் படகுக் கால்வாயாக்கியவர். டோலிகஞ்ச் என்ற ஊர்ப்பெயர் அவருடையது. நீர்வழி வந்ததும் அந்தத் தெற்குப்புறமும் தோட்டவீட்டுக்கு உகந்ததாயிற்று.

கவர்னர் ஜெனரலுக்கு இதுவும் போதவில்லை. வெல்லஸ்லி பிரபு வடக்கே 24 கிலோமீட்டர் தள்ளி, படைமுகாம் இருந்த பாரக்பூரில் தலைமைத் தளபதியின் பங்களாவைத் தமதாக்கிக்கொண்டு பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் அமைத்தார். அங்கே எழுப்பத் தொடங்கிய பெரிய அரண்மனையைச் செலவு கண்டு லண்டன் இயக்குநர்கள் நிறுத்தினர். தற்காலிக பங்களாவே விரிவாகி நூறாண்டு நிலைத்தது. கல்கத்தாவிலிருந்து பாரக்பூருக்கு இருபுறமும் மரம் நட்டு அவர் போடவைத்த நேர்ச்சாலை அந்த வீட்டைவிட முக்கியமானது. இரண்டாவது வீட்டுக்கான சாலை வடகரை முழுவதையும் திறந்துவிட்டது. காசிப்பூர், பராநகர், சிந்தி, காமர்ஹாட்டி, பானிஹாட்டி என்று அந்தச் சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அடுத்த அறுபது ஆண்டுகளில் வங்காளச் செல்வர்களின் தோட்டங்கள் நிறைந்தன.

கடற்கரையை யாரும் நினைக்காமல் இல்லை. இன்றைய தீகாவுக்கு அருகே பிர்குல் என்ற கரையில் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே வெள்ளையர் கோடை கழிக்கச் சென்றனர். அதை உல்லாச நகராக்கும் யோசனைகள் 1780இல் பத்திரிகைகளில் வந்தன. பாதை இல்லாத அத்தனை தொலைவு அதைக் கொன்றது. அரை நாளுக்குள் போய்ச்சேர முடியாத இடத்தில் இரண்டாவது வீடு நிலைக்கவில்லை.

வங்காளச் செல்வர்களிடம் தோட்டவீட்டுக்கு இன்னொரு பொருள் வந்தது. வடகல்கத்தாவின் பெரிய வீடு ஒரு தனிமனிதனுடையதல்ல. கூட்டுக்குடும்பம், பூசை மண்டபம், தாயார், விதவை அத்தைமார், புரோகிதர், சாதிக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்தது அது. அந்த வாசலுக்குள் இறைச்சியும் மதுவும் ஐரோப்பிய விருந்தினரும் நுழைய முடியாது. வியாபாரமோ ஐரோப்பியருடன். இந்த முடிச்சை அவிழ்த்தது தோட்டவீடு. ஊரின் கண்ணுக்குச் சற்று அப்பால், ஆனால் குதிரைவண்டியில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருப்பது அதன் முதல் தகுதியாயிற்று.

துவாரகாநாத் தாகூரின் பேல்காச்சியா மாளிகை இதற்குச் சிறந்த சான்று. நிலக்கரி, நீராவிக் கப்பல், வங்கி, அவுரி என்று எல்லாவற்றிலும் கை வைத்த அவர் (1794–1846) ஊரின் வடகிழக்கு விளிம்பில் குளங்களும் சிலைகளும் நிறைந்த இந்த இடத்தை வாங்கி, கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் சகோதரி எமிலி ஈடன் உட்பட ஐரோப்பியப் பெருமக்களுக்கு விருந்து வைத்தார். ஜோராசாங்கோவில் அவர் மனைவி திகம்பரி தேவி, கணவர் வெள்ளையரோடு உண்பதை அறிந்தபின் பண்டிதர்களைக் கலந்து, கடமையைக் கைவிடாமல் தொடர்பை மட்டும் குறைத்துக்கொண்டார் என்றும், அவரோடு பேசநேர்ந்தால் பிறகு குளிப்பார் என்றும் தாகூர் குடும்பத்தில் வழங்கும் செய்தி. இரு வீடுகளுக்கும் இடையிலான சில மைல்கள் ஒரு திருமணத்தின் குறுக்கே கோடு கிழித்தன. தோட்டவீட்டின் பெருமை பேசும் நூல்கள் திகம்பரியைக் கடந்து போய்விடுகின்றன. அந்த வசதியின் விலையைக் கொடுத்தவர் அவர் என்பதை மறக்கக் கூடாது.

பேல்காச்சியா பின்னர் பாயிக்பாரா அரசகுடும்பத்து சிங்கா சகோதரர்கள் கைக்கு மாறியது. 1858 ஜூலை 31 அன்று அங்கே அவர்கள் தொடங்கிய நாடக அரங்கில் 'ரத்னாவளி' மேடையேறியது. வந்திருந்த ஆங்கிலேயருக்குப் புரியவேண்டும் என்று நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவர் மைக்கேல் மதுசூதன் தத். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்து திரும்பியவர் அவர். இதைவிட நல்ல நாடகம் தம்மால் எழுத முடியும் என்று அங்கேயே துணிந்து 'சர்மிஷ்டா'வை எழுதினார். 1859 செப்டம்பரில் அதே தோட்டத்தில் அது நடிக்கப்பட்டது. சென்னையில் ஆங்கிலக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் வங்காள மொழிக்குத் திரும்பிய இடம் ஒரு தோட்டவீட்டு மேடை. க்ஷேத்திரமோகன் கோஸ்வாமி இந்திய வாத்தியங்களைக் கொண்டு வாத்தியக் குழு அமைத்ததும் அங்கேதான்.

எல்லாத் தோட்டவீடுகளும் நாடகம் வளர்க்கவில்லை. குடி, நாட்டியக்காரிகள், வைப்பாட்டிகள், கடன் இவையே பல தோட்டங்களின் கதை. காளிபிரசன்ன சிங்காவின் 'ஹுதோம் பேஞ்சார் நக்ஷா' 1860களின் தொடக்கத்தில் இந்தக் கும்மாளங்களை உரித்துக்காட்டியது. முதல் வீட்டின் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு தளர்வு இரண்டாவது வீட்டில் இருந்தது.

தாமாக விரும்பி வராதவர்களும் இந்தப் புறநகர்களில் குடியேறினர். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கம்பெனி கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. டோலிகஞ்ச் அவர்கள் இருப்பிடமாயிற்று. மைசூருக்கு அருகில் இருக்கக் கூடாது, அரசாங்கத்தின் கண்பார்வையில் இருக்கவேண்டும், ஆனால் ஊருக்குள் கூட்டம் சேர்க்கவும் கூடாது என்ற மூன்றுக்கும் அந்தத் தெற்குப்புறம் பொருந்தியது. இளைய மகன் குலாம் முகம்மது நிலமும் வீடுகளும் சேர்த்து, 1842இல் தர்மதலாவில் தந்தையின் பெயரில் கட்டிய மசூதி இன்றும் ஊரின் நடுவே நிற்கிறது.

ஐம்பது ஆண்டு கழித்து அதே கணக்குடன் இன்னொரு அரசர். அவத் பறிபோன வாஜித் அலி ஷா 1856 மே மாதம் கல்கத்தா வந்து கார்டன் ரீச்சில் தங்கினார். விக்டோரியாவிடம் முறையிட லண்டன் செல்லும் வழியில் ஒரு தங்கல் என்றே அது தொடங்கியது. அவர் போகவில்லை. 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் அடைபட்டு 1859இல் வெளிவந்தபின், ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் ஓய்வூதியத்தைக் கொண்டு கார்டன் ரீச்சின் மேட்டியாபுரூஸில் ஒரு சின்ன லக்னோவையே எழுப்பினார். 1864இல் சிப்தைனாபாத் இமாம்பாரா, பறவைகளும் விலங்குகளும் நிறைந்த தோட்டங்கள், பாம்புகளுக்கென்று ஒரு குழி. பின்னாளில் லக்னோவின் பண்பாட்டைப் பதிவுசெய்த அப்துல் ஹலீம் ஷரர் இளமையை இங்கே கழித்தவர். ஆங்கிலேயரின் தூண் வீடுகளில் தும்ரியும் கதக்கும் ஒலித்தன. ஆற்றோரக் கோடை வீடுகளாக இருந்தவற்றை மக்கள் வாழும் ஊராக்கியவர் நாடிழந்த இந்த அரசர்தான். அவருடன் வந்த சமையற்காரர், தையற்காரர், பட்டம் செய்வோர் வழியில் தோன்றிய தொழில்கள் அங்கே இன்றும் நடக்கின்றன. கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்தது அவர் சமையலறையிலிருந்துதான் என்று ஊரே சொல்கிறது. 1887 செப்டம்பரில் அவர் இறந்ததும் சொத்துகள் விற்கப்பட்டன. அதே ஆண்டு தோன்றிய பெங்கால் நாக்பூர் ரயில்வே பின்னர் கார்டன் ரீச்சைத் தன் தலைமையிடமாக்கியது. 1890களில் பக்கத்திலேயே கிதர்பூர் கப்பல்துறை திறக்கப்பட்டது. கப்பல் பட்டறைகளின் புகையில் தோட்ட வளைவு என்ற பெயர் மட்டும் தங்கியது.

வடகரையின் தோட்டங்களுக்கு மக்களை விரட்டியது பெரும்பாலும் நோய். 1872 அளவில் ஊருக்குள் டெங்கு பரவியபோது தாகூர் குடும்பத்தின் ஒரு பிரிவு பானிஹாட்டியில் ஆசுதோஷ் தேவின் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜோராசாங்கோவின் சுவர்களுக்குள் வேலைக்காரர்களின் காவலில் வளர்ந்த பதினொரு வயது ரவீந்திரநாத் முதன்முறையாகக் கங்கைக்கரையில் கண்விழித்தார். தோட்டத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் போக அப்போதும் அனுமதியில்லை. பின்னர் 1881இல் அண்ணன் ஜோதிரிந்திரநாத், அண்ணி காதம்பரி ஆகியோருடன் சந்தன்நகரில் மோரான் தோட்டத்தில் தங்கிய நாட்கள் அவருடைய கவிதைக்குத் தனிக் குரல் தந்தன.

1885இல் தொண்டைப் புற்றுநோயால் அவதிப்பட்ட ராமகிருஷ்ணர் ஊருக்குள் சியாம்புகூரில் ஒரு நெருக்கமான வீட்டில் இருந்தார். திறந்த காற்று வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் சீடர்கள் இடம் தேடினர். டிசம்பர் 11 அன்று காசிப்பூரில் மாதம் 80 ரூபாய் வாடகைக்கு ஒரு தோட்டவீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தனர். அந்த வாடகை அவர்களுக்குப் பெரிய தொகை, இல்லறச் சீடர் சுரேந்திரநாத் மித்திரர் அதை ஏற்றுக்கொண்டார். எட்டு மாதம் அங்கே ஒன்றாக இருந்து பணிவிடை செய்ததில்தான் தனித்தனி இளைஞர்கள் ஒரு துறவுக் கூட்டமானார்கள். 1886 ஆகஸ்ட் 16 அன்று ராமகிருஷ்ணர் மறைந்தபின் அவர்கள் போன இடம் பராநகரில் பேய்வீடு என்று பெயர்பெற்ற ஓர் இடிந்த கட்டடம், வாடகை மாதம் பத்து ரூபாயை ஒட்டி. கொழும்பு, பாம்பன், ராமநாதபுரம், சென்னை வழியாக 1897இல் திரும்பிய விவேகானந்தரும் காசிப்பூரில் ஒரு செல்வரின் தோட்டவீட்டில்தான் தங்கவைக்கப்பட்டார். 1898இல் மடம் மேற்குக் கரையில் நீலாம்பர் முகர்ஜியின் தோட்டவீட்டில் இயங்கியபடியே அருகில் பேலூர் மடம் எழுந்தது. அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் வாங்கியதும் ஒரு தோட்டவீடுதானே. ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அப்பால், அகலமான நிலத்தில், குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய செல்வரின் வீடு புதிய சபைகளுக்கெல்லாம் தொட்டிலாயிற்று.

மேற்குக் கரைக்கு இன்னொரு கவர்ச்சி: வேறு கொடி. 1845 வரை சீராம்பூர் டென்மார்க்கினுடையது. கல்கத்தாவின் கடன்காரர்கள் பலர் ஆற்றைக் கடந்து அங்கே புகலடைந்தனர். சந்தன்நகர் 1950 வரை பிரெஞ்சுக்காரருடையது. அதன் மேலாட்சி புதுச்சேரியில் இருந்தது. கொடியின் அருமை கல்கத்தா அரசியலில் தெளிவாகத் தெரிந்தது 1910இல். மணிக்தலாவின் முராரிபுகூரில் கோஷ் சகோதரர்களுக்குச் சொந்தமான ஒரு தோட்டம் இருந்தது. புதர் மண்டிய குளம், பழைய வீடு, அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லை. பாரீந்திர கோஷின் குழு குண்டு செய்யப் பழகியது அங்கேதான். அந்தக் குழுவினரின் முசாபர்பூர் குண்டுவீச்சு நடந்த இரண்டே நாளில், 1908 மே 2 விடிகாலையில், போலீஸ் தோட்டத்தைச் சூழ்ந்தது. அன்றே கிரே தெருவில் கோஷ் சகோதரர்களில் ஒருவரான அரவிந்தர் கைதானார். ஓராண்டு நடந்த அலிப்பூர் வழக்கில் விடுதலையான அவர் 1910 பிப்ரவரியில் சந்தன்நகருக்குப் போய் மறைந்திருந்து, ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கினார். பாரதியும் அப்போது அங்கேதான் இருந்தார்.

தோட்டவீட்டு வாழ்வை அழித்தவை ஆலையும் ரயிலும். 1855இல் ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை, 1859இல் பராநகரில் விசைத்தறி. மேட்டு நிலம், படகுத்துறை, ஆழமான நீர் என்று தோட்டக்காரர்கள் எதை விரும்பினார்களோ அதையே ஆலைக்காரர்களும் விரும்பினர். நூற்றாண்டின் இறுதிக்குள் இரு கரைகளிலும் புகைபோக்கிகள் நிரம்பின. பல தோட்டவீடுகள் ஆலை மேலாளர் பங்களாக்களாயின.

ரயிலின் வேலை மறைமுகமானது. 1854இல் ஹௌராவிலிருந்து தொடங்கிய பாதைக்கு உயரமான மண்கரை போட்டார்கள். மழைநீர் வடியும் வழிகள் அடைபட்டன. 1860களில் வர்தமான், ஹூக்ளி மாவட்டங்களில் பெருங்காய்ச்சல் பரவி ஊர்களைக் காலிசெய்தது. வடிகால் அடைபட்டதே காரணம் என்று 1864இன் விசாரணைக் குழுவில் இருந்த திகம்பர் மித்திரர் வாதிட்டார். அரசாங்கம் முழுதாக ஏற்கவில்லை என்றாலும் அவருடைய வாதத்தின் சாரம் காலத்தில் வலுப்பெற்றது. நோய்க்குத் தப்பி ஓடிய இடமே நோயின் இடமானதும் ஆற்றங்கரைத் தோட்டங்கள் பூட்டப்பட்டன.

அதே ரயில் மாற்றிடத்தையும் காட்டியது. 1871இல் திறந்த குறுக்குப் பாதை சோட்டாநாக்பூரின் விளிம்புவழியே போயிற்று. மதுபூர், கிரிடி, சிமுல்தலா, தேவ்கர் எல்லாம் செம்மண், வறண்ட காற்று, பசியைத் தூண்டும் கிணற்றுநீர் என்று பெயர்பெற்றன. துர்கா பூசை விடுமுறையில் வங்காளி நடுத்தர வர்க்கம் பெட்டி படுக்கையோடு மேற்கே கிளம்பும் பழக்கம் வேரூன்றியது. அவ்வூர்களில் தோட்டக்காரர் ஒருவரின் பொறுப்பில் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும் வீடுகள் தெருத்தெருவாக எழுந்தன. அரவிந்தரின் தாய்வழிப் பாட்டனார் ராஜநாராயண் பாசு தேவ்கரில் வாழ்ந்து 1899இல் மறைந்தார். ஜகதீஷ் சந்திர போஸ் 1937இல் கிரிடியில் காலமானார். தோட்டவீடு ஜமீன்தாருடையது, இதுவோ வக்கீல், மருத்துவர், பேராசிரியர் ஆகியோருடையது. இரண்டாவது வீடு ஒரு படி இறங்கி எளிமையானது.

சாந்திநிகேதனும் ரயிலின் பிள்ளையே. போல்பூர் நிலையத்துக்கு அருகே 1863இல் தேவேந்திரநாத் தாகூர் 20 பீகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தியானத்துக்கென்று ஒரு விடுதி கட்டினார். 1901இல் மகன் ரவீந்திரநாத் அங்கே பள்ளி தொடங்கினார், 1921இல் விசுவபாரதி. கல்கத்தாக்காரர் ஒருவர் ஒதுங்கியிருக்கத் தேர்ந்த இடம், 2023இல் யுனெஸ்கோ உலக மரபிடமாயிற்று.

ஊருக்குள்ளும் எல்லை நகர்ந்தது. தெற்கே பாலிகஞ்சின் தோட்டங்களை 1912இல் அமைந்த கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை மனைகளாக்கியது. தாக்கூரியா ஏரிகளை வெட்டிய மண்ணால் பள்ளங்கள் நிரப்பப்பட்டன. அகலச் சாலைகள், டிராம், பள்ளிக்கூடங்கள் வந்தன. அலுவலகங்களில் கணக்கரும் சுருக்கெழுத்தருமாக வந்த தமிழர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவையும் லேக் மார்க்கெட்டையும் சுற்றியே வீடு பிடித்தனர். பழைய வடக்கில் சாதியும் குலமும் பார்த்து வாடகைக்கு விட்ட காலத்தில் இந்தப் புதுத் தெற்கில் யாரும் பழையவர் இல்லை. வாழையிலையும் பூச்சரமும் காப்பிப்பொடியும் லேக் மார்க்கெட்டில் இன்றும் கிடைக்கின்றன.

1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கு வெறுமையாகக் கிடந்த தோட்டங்கள் கண்ணில் பட்டன. டோலிகஞ்ச், ஜாதவ்பூர், தம்தம், பானிஹாட்டி வட்டாரங்களில் இரவோடிரவாகக் குடிசைகள் எழுந்தன. 1950 இறுதிக்குள் தோன்றியவையாக அரசு பின்னர் ஏற்றுக்கொண்ட குடியிருப்புகள் மட்டும் 149. ஒருவருக்கு இரண்டாவதாக இருந்த வீடு பல நூறு குடும்பங்களுக்கு ஒரே வீடாயிற்று. அந்த நியாயத்தை மறுக்க முடியாது. 1953இன் எஸ்டேட் கையகப்படுத்தல் சட்டம் ஜமீன் வருவாயை நிறுத்தியபின் எஞ்சியவற்றைப் பராமரிக்கவும் ஆளில்லை.

பிழைத்தவை பெரும்பாலும் பொது நிறுவனங்களாகிப் பிழைத்தன. தலைநகர் டெல்லிக்குப் போனபின் வைசிராயின் குளிர்காலத் தங்குமனையாக இருந்த பெல்வடேரை, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தேசிய நூலகத்துக்கு விட்டுக்கொடுத்தார். 1953 பிப்ரவரியில் அது வாசகர்களுக்குத் திறந்தது. பாரக்பூர்ச் சாலையில் பாதுரியாகாட்டா தாகூர்களின் மரகதகுஞ்ச் தோட்டம் ரவீந்திரபாரதி பல்கலைக்கழக வளாகம். காசிப்பூர் வீட்டை ராமகிருஷ்ண மடம் 1946இல் வாங்கியது. கோன்நகரில் அபநீந்திரநாத் தாகூர் குழந்தைப் பருவத்தில் தங்கிய ஆற்றங்கரை வீடு அண்மையில் சீரமைக்கப்பட்டுப் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது.

கடைசியாகத் திறந்தது, இருநூறு ஆண்டு எல்லோரும் அஞ்சிய கிழக்கு. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியில் 1962இல் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் வண்டலைக் குழாய்வழியே கொண்டுவந்து வடக்கு உப்பு ஏரியை நிரப்பத் தொடங்கியது. தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்த திட்டப்படி சால்ட் லேக் நகரம் எழுந்தது. மனைகள் 999 ஆண்டுக் குத்தகையில் தரப்பட்டன. 1999க்குப் பின் அதற்கு அப்பால் ராஜார்ஹாட்டில் நியூ டவுன் வந்தது. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வேலை பார்க்கும் வங்காளிகள் முதுமைக்கென்று வாங்கிப் பூட்டிவைக்கும் அடுக்ககங்கள் அங்கே உண்டு. பழைய பாணியில் தோட்டம் வேண்டுவோர் பாருயிப்பூரின் கொய்யாத் தோப்புகளுக்கும் சாந்திநிகேதனுக்கும் போகிறார்கள். நிரப்பாமல் விட்ட ஏரிகள்தான் நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீனும் காய்கறியுமாகத் திருப்பித் தருகின்றன. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 2006இன் சட்டம் அங்கே நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதனால் கிழக்கே இடம் பார்ப்பவர்கள் பத்திரத்தோடு சேர்த்து, மனை அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.